மலை ரயில், மர ரயில்

கே: பிள்ளைகளுக்கு நீராவி ரயிலைக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்? (வாசகர், காரியாபட்டி)

ப: மேட்டுப்பாளையத்துக்கு. அங்கிருந்து குன்னூர் வரை நீராவி இன்ஜின், அதற்கு மேல் ஊட்டிக்கு டீசல். ஏறும்போதே போய்விடுங்கள். இறங்கும்போது இன்ஜினுக்கு அவ்வளவு வேலை இல்லை. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கே: ஊட்டி ரயிலில் இன்ஜின் பின்னால் நின்று தள்ளுமாமே, ஏன்? (வாசகி, மல்லாங்கிணறு)

ப: கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். கொக்கி அறுந்தால் பெட்டிகள் பள்ளத்துக்கு ஓடிவிடக் கூடாதே! இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்றால் அதுவே தடுப்பு. தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் உண்டு. இன்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். 1899-ல் குன்னூரை எட்டிய பாதை இது. சுவிட்சர்லாந்து இன்ஜின்களுக்கு வயதானபோது, நம் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் புதிய நீராவி இன்ஜின்களே செய்து கொடுத்தார்கள். 2005-ல் வந்த யுனெஸ்கோ பட்டத்தைவிட எனக்கு அதில்தான் பெருமை அதிகம்.

கே: மரம் வெட்டிய மலைகளுக்கு ரயில் இருந்ததா? (வாசகர், அருப்புக்கோட்டை)

ப: இருந்தது. கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கப் போட்ட டிராம் பாதை, ஏறக்குறைய 80 கி.மீ. செங்குத்துச் சரிவில் இன்ஜினே கிடையாது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்க, அதே கம்பிவடத்தின் மறுமுனையில் காலி வண்டி மேலே வரும், கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டியதுபோல. 1963-ல் மூடிவிட்டார்கள். இன்று அந்தக் காடு புலிகள் காப்பகம்; பொள்ளாச்சி, டாப்ஸ்லிப் வழியாகப் போகலாம். மரம் வெட்டக் கூப்பு போட்ட காடு மறுபடி காடாகவே இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்தப் பாதையின் மிச்சங்களையாவது காப்பாற்ற வேண்டும்.

கே: ஊட்டி வரை போக வசதியில்லை. பக்கத்தில் ஏதும் உண்டா? (வாசகி, சிவகாசி)

ப: உங்கள் ஊரிலேயே ஏறலாமே! ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை; அங்கிருந்து புனலூர் போகும் மலைப்பாதை 1904-ல் திறந்தது. 2018 முதல் அகலப் பாதை. புகை இல்லை, குகைகளும் பதின்மூன்று கண் பாலமும் அப்படியே இருக்கின்றன. பகல் வண்டியாகப் பாருங்கள்.

கே: ஊட்டி உறவினருக்கு ஒரு பெட்டி பட்டாசு கொண்டு போகலாமா? (வாசகர், திருத்தங்கல்)

ப: எந்த ரயிலிலும் கூடாது. மூன்றாண்டு வரை சிறை. வெடிமருந்தின் குணம் உங்களுக்குத் தெரியாததா? வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொண்டு போங்கள்.