டூல் டிராலியில் பத்து–பதினொன்று இன்மை: தொண்டை மண்டலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வெல்லை

1997-இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்துள் காக்களூர் சிட்கோ, தேர்வாய்க் கண்டிகை சிப்காட், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆகிய மூன்றும் இவ்வாய்வின் நிலம். அங்குள்ள பட்டறைகளிலும் ஆலைகளின் மெயின்டனன்ஸ் பகுதிகளிலும் உருண்டு திரியும் டூல் டிராலி இதன் களம். பேட்டைக்குள் நுழையும் லாரிகளும் டிராலி போலவே உருள்வன எனினும், விரிவஞ்சி விடப்பட்டன.

ஆய்வுச் சிக்கல்

டிராலி இருக்கிறது. அதில் டிராயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவிலேயே ஸ்பாஞ்சில் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. அவ்வாறிருந்தும், "அண்ணே, பத்து-பதினொண்ணு பாத்தீங்களா?" என்று ஹெல்பர் கேட்பதும், "இப்பதானடா இங்க வெச்சேன்" என்று ஃபிட்டர் சொல்வதும் ஏ, பி, சி என மூன்று ஷிஃப்டிலும் தவறாமல் நிகழ்வது ஏன்?

காரண ஆராய்ச்சி

நம் கடைகளில் விற்கும் இருமுனை ஸ்பேனர் செட் 6-7, 8-9, 10-11, 12-13 என்று சோடி சோடியாக வரும். எம்6 போல்ட்டின் தலைக்கு 10 மி.மீ. வாய் வேண்டும். பேனல் கதவு, பெல்ட் கார்டு, சென்சார் கிளாம்ப் என்று எம்6 மாட்டாத இடம் குறைவு. ஆக, அடிக்கடி எடுக்கப்படுவது 10. போதாக்குறைக்கு அது சட்டைப் பையிலும் அடங்கும். 30-32 ஸ்பேனர் தொலைந்ததாக யாரும் புலம்புவதில்லை. அதைப் பையில் போட்டால் சட்டையே கீழே வந்துவிடும்.

இதில் இரங்கத்தக்கது மறுமுனையில் இருக்கும் 11. எம்7 போல்ட் அரிதாகையால் அதற்கு வேலையே இல்லை. இருந்தும் 10 போகுமிடமெல்லாம் தானும் போய், அது தொலையும்போது தானும் தொலைகிறது. கூடா நட்பு என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்ததற்கு இரும்பில் கிடைத்த சான்று இது.

இன்மையின் வகை

ஸ்டோர்ஸ் பதிவேட்டில் எல்லா இழப்புக்கும் "மிஸ்ஸிங்" என்ற ஒரே சொல்தான். தமிழ் இலக்கண மரபு இவ்வளவு சோம்பல் உடையதன்று. தண்டியலங்காரம் ஏது அணியில் அபாவத்தையும், அதாவது இன்மையையும், சேர்க்கிறது. அது ஐந்தாக விரியும். ஐந்தும் டிராலியில் உள.

என்றும் அபாவம்: இன்டென்ட் போட்டு, மேனேஜர் கையெழுத்திட்டு, பர்ச்சேஸ் பார்த்து, வாங்கப்படாமலே போன ஸ்பேனர். அது முன்னும் இல்லை, இப்போதும் இல்லை, இனியும் இராது.

இன்மையது அபாவம்: இல்லாமையே இல்லாமற்போவது. ஆடிட் நாளன்று மட்டும் நிகழும். பக்கத்து லைனிலிருந்து இரவல் வந்த ஸ்பேனர் மாலை நான்கு மணிவரை பள்ளத்தில் படுத்திருக்கும்.

ஒன்றினொன்று அபாவம்: 10-11 பள்ளத்தில் 12-13 கிடப்பது. ஒன்று மற்றொன்று ஆகாது என்னும் தருக்கத்தை அவசரத்தில் வைத்தவர் ஏற்பதில்லை. போல்ட் தலை உருண்டபின் ஏற்றுக்கொள்கிறார்.

உள்ளதன் அபாவம்: பொருள் உண்டு, இங்கில்லை. பேனலின் உச்சியில், கம்ப்ரஸரின் பின்னால், அல்லது ஷிஃப்ட் முடிந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் பொன்னேரியைத் தாண்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் பேன்ட் பையில்.

அழிவுபாட்டபாவம்: எட்டாத இடத்து போல்ட்டுக்காக ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, கிரைண்டரில் ஒல்லியாக்கி, கம்பி வெல்டு செய்து 'ஸ்பெஷல்' ஆக்கியது. இதற்குப் பள்ளமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் டிராலியில் அதிகம் உழைப்பது இதுவே.

முன்னோர் கூற்று

ஜப்பானியர் வகுத்த ஐந்து 'எஸ்' நம் ஆலைச் சுவர்தோறும் உண்டு. அவற்றுள் முதலாவதான செய்ரி, வேண்டாததை அகற்றச் சொல்கிறது. இவ்விதி டிராலியின் கடைசி டிராயர்வரை வந்து தோற்கிறது. உடைந்த ஹாக்ஸா பிளேடு, மரை தேய்ந்த நட்டு, முடிந்துபோன டெஃப்லான் டேப்பின் வளையம் ஆகியவற்றை அங்கே காக்கும் நம்மவர் சூத்திரம் ஒன்றே: "இருக்கட்டும், உதவும்."

நம் மரபில் அகற்றலும் துடைத்தலும் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் நடக்கும். அன்று டிராலி தலைகீழாகக் கவிழ்க்கப்பட, பிப்ரவரியில் தொலைந்தது கிடைக்கும். மறுநாள் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, ஸ்பேனர்கள் வரிசையாக அடுக்கப்படும். ஆண்டில் ஒரே நாள் டிராலி முழுமை பெறுகிறது. அன்று அவற்றை எடுத்து வேலை செய்யக் கூடாது.

இதன் பொருளைப் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு விளக்கும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் இருக்கின்றன அவன் கருவிகள். அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றனவென்று ஔவை சொல்கிறார். புகழ்வதுபோல் இகழ்ந்தது அது. தொண்டை மண்டலத்தில் நிகழ்ந்த முதல் டூல் ஆடிட் இதுவே என்பதும், ஆடிட்டர் மாலையிட்ட அடுக்குக்கு மதிப்பெண் தரவில்லை என்பதும் ஆய்வாளர் துணிபு.

தடையும் விடையும்

அற்றேல், கருவிகளைச் சிதறவிடுவதே சிறப்போ எனின், அன்று. விமானம் பழுது பார்க்குமிடத்தில் ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது எஞ்சினுக்குள் இருக்கக்கூடும். கண்டுபிடிக்காமல் விமானத்தை விடமாட்டார்கள். அங்கே பள்ளம் வெட்டுவது ஸ்பேனரை வைக்க மட்டுமன்று. அது இல்லாததைத் தொலைவிலிருந்தே காட்டுவதற்கும்தான். பழைய ஸ்டோர்ஸின் பித்தளை டோக்கன் இன்னும் ஒருபடி மேல்: கருவி தொங்கிய ஆணியில் எடுத்தவர் எண் தொங்கும். இன்மைக்கு முகவரி கொடுத்தது அந்த டோக்கன்.

ஆகவே டிராலியில் ஒழுங்கு என்பது எல்லாம் இருப்பதன்று. எது இல்லை, யாரிடம் உள்ளது என்று தெரிவதே. நிரம்பிய டிராலி சும்மா நிற்கும் டிராலி. வெறும் பள்ளம் வேலை நடப்பதற்கு அடையாளம். டோக்கன் இல்லாத வெறும் பள்ளமே குற்றம்.

பரிந்துரை

பள்ளத்தின் அடியில் சிவப்பு பெயின்ட் அடிக்கலாம். எடுத்தவர் டோக்கன் போடலாம். 'ஸ்பெஷல்' ஸ்பேனருக்கும் ஒரு பள்ளம் வெட்டலாம். உழைப்பவனுக்கு இடமில்லாத அடுக்கு அடுக்கன்று. 10-11 மட்டும் இரண்டாக வாங்கி வைக்கலாம் என்று சில மேனேஜர்கள் கருதுகின்றனர். அவ்வாறு வாங்கினால் இரண்டும் ஒரே ஷிஃப்டில் தொலையுமா, அல்லது இரண்டாவது ஸ்பேனர் முதலாவதைத் தேடப் போகுமா என்பது மேலாய்வுக்கு உரியது.