நிரப்பலும் நிரப்பல் நிமித்தமும்: மிண்டன் சுற்றுவட்டார வினாத்தாள்கள் குறித்த திணைசார் ஆய்வு

சுருக்கம்

பல்கலைக்கழகத்துக்கு அருகில் குடியிருப்போரை ஆராயாத ஆய்வாளர் இல்லை. அந்த ஆய்வாளர்களை ஆராய்ந்த குடியிருப்பாளர் இதுவரை இல்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே கட்டுரையின் நோக்கம். இடைவெளி ஒன்றைக் காட்டாத ஆய்வேட்டை யாரும் ஏற்பதில்லை என்பதால், மாணவர்கள் அதைத் தேடிப் பல பருவங்கள் அலைகிறார்கள். நமக்கோ அது வாசற்படியில், செருப்புகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

திறவுச்சொற்கள்: பினாங்கு, வினாத்தாள், 3, சாப்பிட்டியாம்மா.

1. வரலாற்றுப் பின்னணி

தேவையான காலத்துக்குக் குறைந்தது இருநூறு ஆண்டு முன்னால் போய்த் தொடங்குவது ஆய்வு மரபு. ஆகவே 1759. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் நாள், ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரருகே பிரிட்டிஷாரும் அவர்களுடைய ஜெர்மானியக் கூட்டாளிகளும் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியின் பெயர் கடல் கடந்து வந்து மலேசியாவின் பினாங்குத் தீவில் குளுகோரில் இருந்த படைமுகாமுக்கு ஒட்டிக்கொண்டது. நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் 1969-ல் பினாங்கில் தொடங்கியது. முதலில் குளுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் குடியிருந்து, 1971-ல் மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அதன் பெயர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். ஊர் வாயில் யூஎஸ்எம். சிப்பாய்கள் வேலிக்குள் இருந்தார்கள், மாணவர்கள் வேலிக்கு வெளியே வந்தார்கள் என்பதே இரு காலத்துக்கும் உள்ள வேறுபாடு.

குளுகோரிலேயே 1967 முதல் தென்கிழக்காசிய நாடுகளின் அறிவியல், கணிதக் கல்விக்கான ரெக்சாம் நிலையமும் இருக்கிறது. நகரத்துப் பக்கம் தப்பி ஓடலாமென்றால் சிப்பாய் லைன்ஸ் சாலையில் 1996-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி; கடலோரம் போனால் சுல்தான் அகமட் ஷா சாலையில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் யூஎஸ்எம்முக்கு ‘அபெக்ஸ்’ என்னும் உயர்தகுதி கிடைத்தது. அதன்பின் தீவில் பேனாவும் அட்டையுமாக வாசலுக்கு வருவோர் பெருகினர் (எதிர்வீட்டு அக்கா, வேலியோரம்).

2. முன்னாய்வுகள்

இல்லை.

இருந்திருந்தால் மேற்கோள் காட்டியிருப்போம். காட்டவில்லை என்பதே இல்லாமைக்குச் சான்று. இம்முறை நாம் புதிதாகக் கண்டதன்று. தொல்காப்பியர் ஃபோட்டோஸ்டாட் இயந்திரம் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாரும் அறிந்த ஒன்றைச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டார். ஆகவே அக்காலத்தில் ஃபோட்டோஸ்டாட் பரவலாக இருந்தது என்று நிறுவும் நெறி நம்மவரிடம் ஏற்கெனவே உண்டு. 1966-ல் கோலாலம்பூரில் தனிநாயக அடிகளார் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியபோது ஆய்வென்றால் நூலகத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தார்கள் போலும். இப்போது பொன்னாடையோடு வேலை முடிந்துவிடுகிறது.

3. முதற்பொருளும் கருப்பொருளும்

நிலம்: சுங்கை டுவா, மிண்டன் ஹைட்ஸ், புக்கிட் கம்பிர், அவை சார்ந்த மாடிப்படிகள்.

பெரும்பொழுது: பருவ இறுதி. சிறுபொழுது: குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் இடைப்பட்டது.

தெய்வம்: சூப்பர்வைசர். உண்டென்பர், கண்டவர் சிலர்.

உணவு: மேகி கோரெங். மாதக் கடைசியில் ரொட்டி கோசோங்.

நீர்: தே ஓ ஐஸ், ஒரு கிளாஸ். அதைக் கொண்டு மாமாக் உணவுக் கடையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பிளக் பாயின்ட் ஆகியவற்றை இரவு முழுதும் ஆளலாம்.

விலங்கு: பூனை. வாடகை தராமல் குடியிருக்கும் ஒரே உயிர்.

மரம்: ஆங்சானா. அதன்கீழ் யாரோ ஏற்கெனவே காரை நிறுத்தியிருப்பார்.

பறை: சைலன்சர் கழற்றிய மோட்டார்.

யாழ்: ஃபோட்டோஸ்டாட் இயந்திரம்.

தொழில்: அறை வாடகைக்கு விடல்.

உரிப்பொருள்: நிரப்பலும் நிரப்பல் நிமித்தமும். இதுவே விரிவுக்கு உரியது.

4. மூன்று என்னும் எண்ணின் தத்துவம்

வினாத்தாள் ஏந்தி வருவோர் முதலில் சொல்லும் சொல் “அஞ்சு நிமிஷம்தான் அங்கிள்.” தாளைப் புரட்டினால் ஏ பிரிவு முதல் ஈ பிரிவு வரை இருக்கும். ஏ பிரிவில் வருமானம் கேட்பார்கள். பி40, எம்40, டி20 என்று அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டுக்கு மூன்று கட்டம். உதவித்தொகைக்கான கணக்கெடுப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தெருவே பி40-ல் கோடு போடும், வாசலில் நிற்கும் காரைத் திரும்பிப் பார்க்காமல்.

மற்றப் பிரிவுகளில் ஐந்து படி. ‘சங்காட் திடாக் செத்துஜு’வில் (முற்றிலும் மறுக்கிறேன், 1) தொடங்கி ‘சங்காட் செத்துஜு’வில் (முற்றிலும் ஏற்கிறேன், 5) முடியும். மனிதர் மனத்தை இப்படி ஐந்து படியில் அளக்கலாமென்று 1932-ல் எழுதியவர் ரென்சிஸ் லைக்கர்ட். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு அது. ஐந்துக்கு நடுவே 3 வைத்தால் சுங்கை டுவாவில் என்ன நடக்குமென்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. இங்கே விடை 3தான். உளவியலார் இதற்கு மையச் சாய்வு என்று பெயரிட்டுப் பிழைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பெயரிட்டதும் ஆராய வேண்டியதில்லை என்பது அவர்கள் கொள்கை. நாம் ஆராய்ந்தோம். மூன்று நான்கு வகைப்படும்.

(அ) மரியாதை மூன்று: வீடு தேடி வந்த பிள்ளையிடம் ‘இல்லை’ என்று சொல்லக் கூசுவது.

(ஆ) அடுப்பு மூன்று: உள்ளே குழம்பு கொதிப்பது.

(இ) அச்ச மூன்று: அனுமதி வாங்காமல் பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை உடையவர்க்கு உரியது. ‘மாநகராட்சியின் சேவையில் நிறைவடைகிறீர்களா?’ என்ற கேள்வியில் இது உச்சம் பெறும்.

(ஈ) தாய்மை மூன்று: இதுவே தலையாயது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு மாலை நேரில் கண்டது. மாணவி கெடா மாநிலத்துப் பெண். எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள் என்பது ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. வெயிலில் முகம் கன்றியிருந்தது. அக்கா முதலில் கேட்டது வினாத்தாளில் இல்லாத வினா.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன் ஆன்ட்டி. இங்க நம்பர் மட்டும் போடணும் ஆன்ட்டி.”

“உனக்கு எந்த நம்பர் வேணும்? அதையே போட்டுக்கோ.”

“அப்படிலாம் சொல்லக்கூடாது ஆன்ட்டி. உங்க மனசுல உள்ளதத்தான் போடணும்.”

“என் மனசுல நீ பாஸாவணும்னுதான் இருக்கு.”

ஐந்துதான் நல்ல மார்க் என்று எண்ணி அக்கா வரிசையாக 5 போட்டார். ‘மாணவர்களின் வாகன இரைச்சல் எனக்குத் தொல்லை தருகிறது’ என்ற வரியிலும் 5. அதற்கு என்ன பொருள் என்று பெண் விளக்கியதும் பதறிப்போனார். “ஐயோ, பிள்ளைங்க ஓட்டாம யாரு ஓட்டுவா? 1 போடு.” நிஜமாகவே சத்தம் இல்லையா என்று பெண் கேட்டாள். அந்தக் கேள்வி யாருக்கும் கேட்கவில்லை. சைலன்சர் இல்லாத மோட்டார் ஒன்று தெருவைக் கடந்துகொண்டிருந்தது. அது கோடி திரும்பும்வரை இருவரும் பேசாமல் நின்றார்கள். “என்னம்மா கேட்ட?” “ஒண்ணுமில்ல ஆன்ட்டி.” ஐந்துக்கும் ஒன்றுக்கும் இடையில் சமரசம் ஏற்பட்டு 3 பதிவாயிற்று. பெண் போகும்போது அவள் பையில் ஒரு டப்பா முறுக்கு இருந்தது. அதற்குத் தாளில் கட்டம் இல்லை.

ஆகவே, பல்கலைக்கழகச் சூழலில் நகர வாழ்வின் தரம் என்று அளக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி அக்காமாரின் இரக்கம் என்பது பெற்றாம்.

5. 384 என்னும் மந்திரம்

எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவது? 1970-ல் கிரெஜ்சி, மோர்கன் என்ற இரு அமெரிக்கர்கள் ஓர் அட்டவணை போட்டார்கள். மக்கள்தொகை 10 பேரானால் 10 பேரையும் கேள். பத்து லட்சமானால் 384 பேர் போதும். அது முதல் இந்நாட்டு மாணவர் பலர்க்கு 384 வேத எண். ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வேதத்தின் சிறிய எழுத்தில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. நடைமுறையில் மாதிரி என்பது நாய் வளர்க்காத வீடுகள் (தபால்காரர், கேட்டுக்கு வெளியே நின்றபடி).

நிரம்பிய வினாத்தாள் 384-ஐ எட்டாதபோது மிச்சத்தை மாமாக் கடை மேசையில் நான்கு நண்பர்கள் நான்கு நிறப் பேனாவால் நிரப்புவதுண்டாம் (ரொட்டி சானாய் மாஸ்டர், கல்லோரம், இரண்டாம் புரட்டலுக்கும் மூன்றாம் புரட்டலுக்கும் இடையே, பெயர் வேண்டாமென்ற வேண்டுகோளோடு).

இந்த மாஸ்டர் இராமநாதபுரத்துக்காரர். ஒப்பந்தத்தில் வந்து கடையின் மேல்மாடியில் படுக்கிறார். தெருவில் வாடகை எவ்வளவு ஏறியது, எந்த வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர், எவனுக்குத் தேர்வு, எவளுக்கு வீட்டிலிருந்து பணம் வரவில்லை, யார் இன்று கடன் சொன்னார், எல்லாம் அறிவார். அவரிடம் எவரும் வினாத்தாள் நீட்டியதில்லை. ‘குடியிருப்பாளர்’ என்பதன் வரையறைக்குள் அவர் வரமாட்டாராம். வினாத்தாளை அவர் கடையில் உட்கார்ந்துதான் தயாரிக்கிறார்கள்.

6. நம்பகத்தன்மை

வினாத்தாள் நம்பத்தக்கதா என்று காட்ட 1951-ல் லீ கிரான்பாக் தந்த ஆல்ஃபா என்ற எண் உதவுகிறது. 0.7-ஐத் தாண்டினால் பேராசிரியர்கள் தலையசைப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம். தெருவில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் 3 போட்டால் கணக்கு பூஜ்யத்தால் வகுபட்டு எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் கைவிரித்துவிடும். ஆனால் ஒரு வீட்டில் கணவர் மேலிருந்து கீழ்வரை 3, மனைவி மேலிருந்து கீழ்வரை 4, மாமியார் வாசிக்காமலே 5 என்றால் ஆல்ஃபா 1-ஐத் தொடும். அதற்குமேல் நம்பகத்தன்மை உலகில் இல்லை. யாருமே படிக்காத வினாத்தாள்தான் மிக நம்பகமானது என்று கணிதமே சொல்லும்போது நாம் யார் மறுக்க?

அந்த ஆல்ஃபாவோடு ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஓர் இதழில் கட்டுரை வரும். முதல் பெயர் மேற்பார்வையாளருடையது. இரண்டாவது, மானியம் பெற்றவருடையது. மூன்றாவது, அவருக்கு வேண்டியவருடையது. வெயிலில் நடந்தவள் பெயர் கடைசியில், சில சமயம் நன்றியுரையில் (ஃபோட்டோஸ்டாட் கடைக்காரர், இயந்திரத்தில் தாள் சிக்கிய வேளை, அவர்க்குச் சொன்னவர் அவருடைய மச்சான், மச்சானுக்குச் சொன்னவன் ஒரு மாணவன், மாணவன் பின்னர் மறுத்தான், மறுப்பின் நகல் இருபக்கமும் அச்சிட்டுக் கடையில் உள்ளது, பக்கம் பத்துக் காசு). மேற்பார்வையாளருக்கு அந்த ஆண்டின் கேபிஐ என்னும் பணி இலக்கு நிறைவேறும். அக்காவுக்கு நினைவுப் பரிசாக ஒரு சாவிக்கொத்து. முடிவு என்னவென்று சொல்ல எவரும் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை (அக்கா, முன்னது, அதே வேலி, ஆனால் துணி காயப்போடும்போது).

7. பரிந்துரைகள்

ஒன்று: வினாத்தாளின் முடிவில் எஃப் பிரிவு சேர்க்க வேண்டும். அதில் குடியிருப்பாளர் கேட்பார், ஆய்வாளர் 1 முதல் 5 வரை நிரப்புவார். முதல் கேள்வி: ‘என் பேரை எனக்குத் தெரியாமல் கட்டுரையில் R27 என்று மாற்றியதில் நிறைவடைகிறீர்களா?’

இரண்டு: ஆய்வு முடிந்ததும் கண்டது என்ன என்று ஒரே ஒரு தாளில், எங்களுக்குப் புரிகிற மொழியில் எழுதி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வாசலில் நின்று அதை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத ஆய்வாளருக்கு எத்தனை ஆல்ஃபா இருந்தாலும் பட்டம் தரலாகாது.

மூன்று: மாஸ்டரைக் கேட்க வேண்டும்.

நான்கு: மேலும் ஆய்வு தேவை. எல்லாக் கட்டுரையும் இப்படித்தான் முடிகிறது. இல்லையேல் அடுத்த மானியம் வராது.

நலமுரண் அறிக்கை

இவ்வாய்வுக்கு எந்த நிதியும் பெறப்படவில்லை. ஆய்வாளர் தம் வீட்டு மாடியறைகளை முனைவர் பட்ட மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மேற்கண்ட பரிந்துரைகள் ஏற்கப்பட்டால் அவர்கள் ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத நேரும், பட்டம் தள்ளிப்போகும், வாடகை தொடரும். இந்தச் சாத்தியம் முடிவுகளை எவ்வகையிலும் பாதிக்கவில்லை என்று ஆய்வாளர் உறுதி கூறுகிறார் (சங்காட் செத்துஜு, 5).