ஆசிரியர் காக்கா

அட்டாளைச்சேனையில் வீதிக்கு நாலு ஆசிரியர்கள் இருப்பார்கள். கலாசாலை உள்ள ஊர், இருக்கத்தானே வேண்டும். ஆனாலும் 'ஆசிரியர் காக்கா' என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். முஸ்லிம் காங்கிரஸ் கட்சிச் சஞ்சிகையின் ஆசிரியர். எந்தச் சலூனுக்குள் நுழைந்தாலும் அவருடைய இதழ் கிடக்கும். முடி வெட்டி முடியும்வரை வாசிப்பதற்கு வேறு இராது.

'ஆக்கபூர்வமான விமர்சனங்கள் வரவேற்கப்படும்' என்று இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுவார். பொய்யில்லை. கூட்டம் பிந்தித் தொடங்கியது, மைக் இரைந்தது, பின்வரிசைக்குச் சோற்றுப் பார்சல் வரவில்லை என்றெல்லாம் தாராளமாக எழுதலாம். மேடையில் இருந்தவரைப் பற்றி எழுதினால்தான் அது 'எதிரிக்குத் தீனி'.

ஜனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கிய 18ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2010இல் முஸ்லிம் காங்கிரஸ் கைதூக்கியது. காக்கா 'சாணக்கியம்' என்று எழுதினார். அதே வரையறையைத் திருப்பிக் கொண்டுவந்த 19ஆவதுக்கு 2015இல் கைதூக்கியது. அதுவும் சாணக்கியமே. 2020 ஒக்டோபரில் 20ஆவது வந்தபோதுதான் வில்லங்கம். தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களிக்க, கட்சியின் மற்ற நான்கு உறுப்பினர்களும் ஆதரித்து வாக்களித்தார்கள். காக்கா அசரவில்லை. மூன்றாம் பக்கத்தில் தலைவரின் கொள்கை உறுதி, ஐந்தாம் பக்கத்தில் உறுப்பினர்களின் தூரநோக்கு. நாலாம் பக்கத்தில் புடவைக்கடை விளம்பரம்.

இத்தனைக்கும் கட்சியே மாற்றுக் கருத்தில் பிறந்தது. 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து இயங்கிய எம்.எச்.எம். அஷ்ரப், பிறகு தனிவழி கண்டு 1981இல் காத்தான்குடியில் தொடங்கியது அது. அந்தப் பெருந்தலைவரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் காக்கா மாற்றுக் கருத்துகளை வெட்டுவார்.

ஊருக்குத் தருவதாகச் சொன்ன தேசியப்பட்டியல் எம்.பி. பதவி இழுபட்டுக் கிடந்த காலத்தில் ஓர் இளம் கட்சிப் போராளி கட்டுரையோடு வந்தான்.

"காக்கா, தாறம் எண்டு சொன்னவங்க. ஏன் இன்னும் தரல்ல எண்டு கேட்டிருக்கன்."

"கேக்கலாம் தம்பி. கட்சிக்குள்ள கேக்கணும்."

"இது கட்சிப் பத்திரிகைதானே?"

"அதாலதான் வாணாங்கிறன். ஆராவது வாசிச்சிருவான்."

கட்டுரை வெளிவரத்தான் செய்தது. 'ஏன் தரவில்லை?' என்ற தலைப்பு, 'தருவார் தலைவர்!' என்று மாறியிருந்தது. 2018இல் ஏ.எல்.எம். நசீருக்கு அந்தப் பதவி கிடைத்ததும், 'எமது இடைவிடாத குரலுக்குக் கிடைத்த வெற்றி' என்று அட்டையில் போட்டார்.

பிறகு காக்காவுக்கும் கட்சிக்கும் ஏதோ மனத்தாங்கல். கட்சிச் சின்னமான மரத்தை விட்டிறங்கி, வேறொரு கட்சியின் சின்னமான குதிரையில் ஏறிவிட்டார். புதுச் சஞ்சிகையின் முதலாவது இதழைப் பார்த்துத் தம்பி திகைத்துப்போனான். அவனுடைய பழைய கட்டுரை, ஓர் எழுத்தும் வெட்டுப்படாமல், அட்டைக் கட்டுரையாக! இரண்டாம் பக்கத்தில் அதே கட்டம்: 'ஆக்கபூர்வமான விமர்சனங்கள் வரவேற்கப்படும்'. குதிரையைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பார்த்தான். 'எதிரிக்குத் தீனி' என்று திரும்பி வந்தது.

உள்ளே இருக்கும்போது கேட்டால் கட்சி திருந்தும். வெளியே போய்க் கேட்டால் எதிர்க்கட்சிக்குத்தான் லாபம். இந்தச் சின்னக் கணக்கு காக்காமாருக்குப் பிடிபடுவதேயில்லை. மரமோ குதிரையோ மயிலோ, எந்தக் கட்சியின் இதழ் கையில் கிடைத்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: தன் தலைவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறதா? கேட்காவிட்டால் அது வெறும் நோட்டீஸ். நோட்டீசுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.