போட்டியாளரிடமே கொள்முதல்: ஒன்டாரியோ மதுபான வாரியத்துக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: ஒன்டாரியோ மதுபானக் கட்டுப்பாட்டு வாரியம், டொரொன்டோ, கனடா.

பொருள்: போட்டியாளருக்குச் சரக்கு விற்றே அவரைப் போட்டியிட வைக்கும் அருங்கலையைப் போற்றுதல்.

மேன்மை தங்கிய வாரியம், மதுவிலக்கு நீங்கிய 1927ஆம் ஆண்டிலேயே குடிமக்களின் ஒழுக்கத்துக்குப் பொறுப்பேற்று, மது வாங்க வருபவர் ஒவ்வொருவரும் தனி அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றும், வாங்கியவை அதில் பதியப்பட வேண்டும் என்றும் விதித்துப் பல பத்தாண்டுகள் கண்காணித்தது. வாடிக்கையாளர் தம் கையாலேயே புட்டியை எடுக்கக்கூடிய கடையை 1969 வரை திறக்கவில்லை. இத்தகைய விழிப்புள்ள வாரியம், 2024 செப்டம்பர் 5 முதல் தெருமுனைக் கடைகளும் பியர், வைன், சைடர் எனப்படும் நொதித்த ஆப்பிள் பானம் ஆகியவற்றை விற்கலாம் என்று மாகாண அரசு அறிவித்தபோது சிறிதும் கலங்காதது வியப்பன்று.

கலங்கவும் காரணமில்லை. உரிமம் வழங்குவது மது மற்றும் சூதாட்ட ஆணையம் என்ற வேறோர் அமைப்பே எனினும், உரிமம் பெற்ற கடைக்காரருக்கு மொத்த விற்பனையாளர், அதாவது சில்லறை வணிகருக்குச் சரக்கு தருபவர், சட்டப்படி வாரியம் ஒன்றே. பிற தொழில்களில் மொத்த விற்பனையாளர் சில்லறை வணிகர் செழித்தால் தாமும் செழிப்பார். இங்கோ அவரே அடுத்த தெருவில் பெரிய கடை விரித்திருப்பதால், கடைக்காரர் நலிந்தாலும் அவருக்கு நட்டமில்லை. திட்டம் தொடங்கியபோது வாரியம் தன் சில்லறை விலையிலிருந்து 10 விழுக்காடு தள்ளுபடி அளித்தது. வாடகை, கூலி, குளிர்பெட்டியின் மின்கட்டணம் அனைத்தையும் அதற்குள் அடக்குவது கடைக்காரரின் கணிதத் திறனுக்கு விடப்பட்டது. விஸ்கி, ரம் போன்ற வடித்த மதுவகைகளும், 7.1 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் கொண்ட பியரும் அவருக்கு விலக்கப்பட்டவை. (கல்லாவில் நிற்பவருக்கு 18 வயது நிரம்பினால் போதும், வாங்குபவருக்கு 19 வேண்டும், தாம் குடிக்கக் கூடாததைப் பிறருக்கு விற்கும் இப்பற்றற்ற நிலையைத் துறவியரும் எளிதில் எய்தியதில்லை.)

2025 மார்ச் 4 அன்று, அமெரிக்கச் சுங்கவரிக்குப் பதிலடியாக வாரியம் அந்நாட்டு மதுவகைகளை அலமாரிகளிலிருந்து அகற்றியதோடு மொத்த விற்பனையையும் நிறுத்தியதால், தெருமுனைக் கடைகளுக்கும் அவற்றின் வரத்து நின்றது. டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் கடை வைத்திருக்கும் தமிழர், தாம் வாஷிங்டன் மீது வணிகப் போர் தொடுத்திருப்பதைச் சரக்குப் பட்டியலைப் பார்த்தே அறிந்துகொண்டிருக்கக்கூடும்.

பெரிய பியர் நிறுவனங்களுக்குச் சொந்தமான தி பியர் ஸ்டோர் என்ற பியர் விற்பனைக் கடைத்தொடரின் நிலை வேறு. அரசுடன் 2025 இறுதிவரை நீடிக்க வேண்டிய அதன் ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே சந்தை திறக்கப்பட்டதால், அதற்கு 22.5 கோடி டாலர் வரை வழங்க அரசு இசைந்தது. போட்டி வருமுன்பே அதன் வலிக்கு மருந்து கிடைக்க வேண்டுமானால் நிறுவனம் பெரிதாக இருக்க வேண்டும் போலும். சிறு கடைக்காரருக்கோ, அரசுடன் போட்டியிடும் பேறே போதுமென்று கருதப்பட்டது.

ஆகவே, மொத்த விற்பனையையும் சில்லறை விற்பனையையும் இரு தனி நிறுவனங்களிடம் பிரித்து ஒப்படைக்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறும், அது இயலாதெனில் கடைக்காரருக்கான தள்ளுபடியைக் கடை வாடகைக்கேனும் போதுமான அளவில் நிலையாக நிர்ணயிக்குமாறும் வாரியம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
வாரியத்தின் வாடிக்கையாளரும் போட்டியாளருமாகிய சிறு கடைக்காரர்கள்