ஃபார்மட் அங்கிள்

சென்னைப் புறநகரில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள எந்த அடுக்ககத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே மூன்று பேர் கட்டாயம் இருப்பார்கள். தண்ணீர் மோட்டார் போடுகிறவர், மெயின்டனன்ஸ் பணம் தராதவர், கம்ப்யூட்டர் பார்க்கத் தெரிந்தவர். முதல் இருவரைப் பற்றி அசோசியேஷன் மினிட்ஸ் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கும். மூன்றாமவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அலுவலகத்துக்கு முதன்முதலில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, எல்லாரும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க, அட்டைப்பெட்டியைப் பிரித்து பிளக்கைச் செருகியவர் இவர்தான். 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்பது அன்று கிடைத்த பட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பட்டம் ஓய்வு பெறவில்லை. அடுக்ககத்துப் பிள்ளைகள் அவரை 'ஃபார்மட் அங்கிள்' என்பார்கள். அவருக்கும் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார். காசு வாங்க மாட்டார், காபி போதும். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் ஸ்க்ரூடிரைவர்கள், தீர்ந்துபோன டூத்பேஸ்ட் மாதிரி சுருண்ட தெர்மல் பேஸ்ட் ட்யூப், பெயின்ட் பிரஷ் ஒன்று, பள்ளிக்கூடத்து ரப்பர் ஒன்று. டப்பாவின் அடியில் இருபது முப்பது ஸ்க்ரூக்கள் கிடந்து கலகலக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாருடைய கம்ப்யூட்டரிலோ இருந்ததுதான்.

ரப்பர் எதற்கு என்று தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டருக்கு எந்த வியாதி என்று சொன்னாலும் அங்கிள் முதலில் ரேமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகுவார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பற்களில் அழுக்குப் பிடித்து மெஷின் எழுந்திருக்காமல் போவது உண்டு. தேய்த்தால் எழுந்திருப்பதும் உண்டு. ஆனால் அங்கிள் பிரின்டர் ஓடாவிட்டாலும் ரேமைத்தான் தேய்ப்பார்.

போன வருடம் அவரிடம் வந்தது இரண்டாவது மாடி வீட்டு லேப்டாப். அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் கடைசி வருடம். வீடியோ கால் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று நீலமாகும்; ஒரு சோக முகம் தோன்றும்; நூறு சதவீதம் வரை நிதானமாக எண்ணிவிட்டு மெஷின் தானாக அணைந்து மறுபடி வரும். ஆன்லைன் நேர்காணல் ஒன்றிலும் இதுவே நடந்தது. "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்ட அதிகாரி கடைசியாகப் பார்த்தது, பாதி திறந்தபடி உறைந்துபோன ஒரு வாயை.

"சார், கொஞ்சம் வந்து பாருங்களேன். வெள்ளிக்கிழமை இன்னொரு இன்டர்வ்யூ இருக்காம்" என்றார் அம்மா.

டாக்டர் 'வெளியில என்ன சாப்ட்டீங்க' என்று ஆரம்பிப்பது போல அங்கிள் ஆரம்பித்தார். "என்ன டவுன்லோட் பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல அங்கிள். நீலமா வர்றப்ப கீழ ஏதோ எழுதியிருக்கு. அதப் படிச்சா..."

"அது எல்லாருக்கும் வர்றதுதான். உன் ஃபைலெல்லாம் சி டிரைவ்லயா, டி டிரைவ்லயா?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். டிஸ்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றும் ஃபார்மட்தான்.

அந்தப் பெண் படிக்கச் சொன்ன எழுத்தை அங்கிள் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'நெட்' என்று தொடங்கி '.சிஸ்' என்று முடியும் ஒரு ஃபைல் பெயர். அதாவது, வைஃபை கார்டை இயக்கும் டிரைவர். குற்றவாளியின் பெயரை மெஷினே திரையில் எழுதிக் காட்டியிருக்கிறது.

மேல் வரி மிரட்டுகிற மாதிரி இருந்தாலும் விஷயம் சமையலறை விஷயம்தான். நினைவகத்தில் இடம் போதாதபோது விண்டோஸ் உடனே தேவைப்படாததைத் தூக்கி டிஸ்கில் வைத்துவிடும்; நாம் பெரிய அண்டாவைப் பரணில் ஏற்றுவதுபோல. வேண்டும்போது ஏணி போட்டு இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பால் பொங்கும் நேரம் என்று சில கணங்கள் உண்டு. அப்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. வைஃபை கார்டு 'டேட்டா வந்திருக்கு, எடுத்துக்கோ' என்று குறுக்கிடுகிற கணம் அப்படிப்பட்டது. அந்த நேரத்தில் டிரைவர் பரணில் இருக்கும் அண்டாவைக் கேட்டாலோ, வீட்டிலேயே இல்லாத பாத்திரத்தைக் கேட்டாலோ, விண்டோஸ் அடுப்பை அணைத்து, கடையையே மூடிவிடும். அதுதான் நீலத் திரை.

ஒரு சின்ன கார்டுக்காக மொத்த மெஷினும் விழ வேண்டுமா என்று கேட்கலாம். பிரௌசர் போன்ற புரோகிராம்கள் குடித்தனக்காரர்கள். ஒருவர் விழுந்தால் அந்த ஒரு வீட்டோடு சரி. டிரைவரோ மெயின் ஸ்விட்ச் அறைக்குச் சாவி வைத்திருப்பவர். அவர் கை தவறினால் யார் வீட்டில் எது கருகும் என்று தெரியாது. கண்ட இடத்தில் கண்டதை எழுதி ஃபைல்களைக் கெடுத்துவிடக் கூடாதே என்று விண்டோஸ் தெரிந்தே செய்யும் தற்காப்பு அது.

சாவி வைத்திருப்பவர் செய்யக்கூடிய சேதத்தை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலமாகின என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மெஷினை சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும் என்பதுதான் வைத்தியம். அன்று மாலை வாக்கிங்கில் அங்கிள் சொன்னது வேறு. "அத்தனையையும் ஃபார்மட் பண்ணியிருந்தா அரை நாள்ல முடிஞ்சிருக்கும்."

சோதனை நேரத்தில் அவர் சொல்வதற்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறார். 1998 ஏப்ரலில் சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. மேடையில் பில் கேட்ஸ். விண்டோஸ் 98 எவ்வளவு சமர்த்து என்று காட்ட, உதவியாளர் ஒரு ஸ்கேனரைச் செருகுகிறார். செருகிய மாத்திரத்தில் பெரிய திரை முழுக்க நீலம். கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. இன்னும் விற்பனைக்கு விடாததற்கு இதுதான் காரணம் போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளிக்கிறார். கதை நிஜம்தான், வீடியோவே இருக்கிறது. ஆனால் உங்கள் கல்யாண ஃபோட்டோக்கள் எல்லாம் போய்விட்டன என்று தெரியவரும் அந்த நிமிடத்தில்தான் அங்கிள் இதை எடுப்பார். "பில் கேட்ஸுக்கே ஆச்சும்மா, நாமெல்லாம் யாரு!"

அவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் தொழில் கற்ற காலத்தில் ஃபார்மட் நிஜமாகவே சர்வரோக நிவாரணி. விண்டோஸ் 98, அப்புறம் எக்ஸ்பி. டிரைவர்கள் மதர்போர்டோடு வந்த சிடியில் இருக்கும். துடைத்துவிட்டுச் சிடியைப் போட்டால், பெட்டி பிரித்த அன்று இருந்த டிரைவரே திரும்பி வரும். இப்போது அப்படியில்லை. ஃபார்மட் முடிந்து நெட் கிடைத்த மறு நிமிடமே விண்டோஸ் தானாகப் போய்ப் புது டிரைவரை இறக்கிக்கொள்கிறது. அந்த லேப்டாப்பில் நடந்ததும் அதுவே. எந்த டிரைவர் மெஷினைக் கவிழ்த்ததோ, அதே பதிப்பு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தால் திருடன் வரமாட்டான் என்று நம்புகிற மாதிரி.

இன்னொரு நஷ்டம் பெரியது. ஒவ்வொரு முறை விழும்போதும் விண்டோஸ் நடந்ததை ஒரு சின்ன ஃபைலாக எழுதி, 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் போட்டு வைக்கிறது. புளூஸ்கிரீன்வியூ போன்ற இலவசக் கருவியில் அதைத் திறந்தால், எந்த நாள், எந்த நேரம், எந்த டிரைவர் என்று வரிசையாகக் காட்டும். ஃபார்மட் செய்தால் அதுவும் போச்சு. பிணத்தோடு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் சேர்த்து எரித்துவிட்டு, 'எப்படிச் செத்தார்னே தெரியலையே' என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பது நம் அங்கிளுக்குப் பழகிப்போன ஒன்று.

முதல் ஃபார்மட் மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது, ஒரே நாள். மூன்றாவது முறை வந்தவர், "இது ஹீட்டுதான்" என்று லேப்டாப்பின் முதுகையே திறந்துவிட்டார். தூசி தட்டி, பேஸ்ட் தடவி, எதற்கும் இருக்கட்டும் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி மாட்டி மூடினார். இரண்டு ஸ்க்ரூ மிச்சம். டப்பாவுக்குள் போயின.

அதிசயம், அதன் பிறகு நீலத் திரை வரவே இல்லை. "ஃபேன்ல தூசிம்மா, நான் சொன்னேன்ல" என்று இரண்டாவது காபியும் வாங்கிக் குடித்தார். ஒரே ஒரு குறை: வைஃபையும் வரவில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் மட்டும் சிக்னல் ஒரு கோடு எட்டிப் பார்த்தது.

"அது ரவுட்டர் பிராப்ளம். அதுக்குக் கம்பெனிக்காரன்தான் வரணும்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுத்துக்கொண்டாள். வீடியோ கால், டவுன்லோட் எல்லாம் ஓடின, ஒருமுறைகூட விழவில்லை. வெள்ளிக்கிழமை நேர்காணலும் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை அவளுக்குப் பொறி தட்டியது. வைஃபை இல்லாதபோது மெஷின் நன்றாக இருக்கிறது என்றால்...

அவளே முதுகைத் திறந்து பார்த்தாள். தபால்தலை அளவில் ஒரு கார்டு. பக்கத்தில் மயிரிழை போல இரண்டு ஒயர்கள், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அநாதையாகக் கிடந்தன. ஆன்டெனா ஒயர்கள். கீல் வழியாக ஏறித் திரையின் ஓரத்துக்குப் போகிறவை. அங்கிள் கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. கார்டுக்குக் காது கேட்கவில்லை, அதனால் வேலை வரவில்லை, அதனால் விழவும் இல்லை. இரண்டு ஃபார்மட்டுகளில் வராத நோயறிதல் ஒரு மறதியில் வந்துவிட்டது!

ஒயரின் நுனியில் கடுகு அளவு ஒரு உலோகக் குப்பி. நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். வந்தால்தான் உட்கார்ந்தது என்று பொருள். இரண்டையும் மாட்டினாள். இருபதாவது நிமிடம் நீலத் திரை. இந்தத் தடவை போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் உண்டு, பழைய டிரைவருக்குத் திரும்பிப் போக. அது அமுங்கவில்லை. ஃபார்மட் ஆன மெஷினுக்குப் பழையது என்று எதுவும் இல்லையே. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து முந்தைய பதிப்பை இறக்கிப் போட்டாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியையும் ரத்து செய்தாள். பல மெஷின்களுக்கு இந்த இரண்டே போதும். இதற்குப் போதவில்லை, தினம் நான்கு முறை விழுந்த மெஷின் இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுந்தது. கார்டையே மாற்ற வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும் வேலை என்றதும் அங்கிளுக்கு இருபது வயது குறைந்தது. சபரிமலைக்குக் கிளம்புகிற மாதிரி காலையிலேயே குளித்துவிட்டு அண்ணா சாலைக்குப் பஸ் ஏறினார். சந்து சந்தாக நாலு கடை விசாரித்து, பேரம் பேசி, இன்டெல் ஏஎக்ஸ்201 என்ற கார்டோடு மாலையில் திரும்பினார். பெண் கேட்டு அனுப்பியது ஏஎக்ஸ்200. "ஒரு நம்பர் கூடத்தானேம்மா? அப்ப லேட்டஸ்ட்தானே?"

கூடத்தான். ஆனால் 200 தன் வேலையைத் தானே பார்க்கும் முழு கார்டு. 201இல் பாதி வேலை கார்டிலும், மீதி இன்டெல் மெஷினுக்குள்ளேயே இருக்கும் சர்க்யூட்டிலும் நடக்கிறது. அந்தப் பெண்ணின் லேப்டாப்போ ஏஎம்டி சிப் போட்டது, இன்டெல் அல்ல. கார்டு இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறியது. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த பிறகு பேசிக்கொள்ளாத தம்பதி போல மெஷின் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. மறுநாள் இன்னொரு பஸ். 200 வந்தது. மாட்டிய நாளிலிருந்து இன்றுவரை நீலம் இல்லை.

இனி அந்த நீலம் எங்கேயும் அதிகம் இருக்கப்போவதில்லை. 2025இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11இன் நீலத் திரையைக் கறுப்பாக்கி, சோக முகத்தையும் எடுத்துவிட்டது. மிச்சம் வைத்திருப்பவற்றில் தவறின் பெயரும் தவறிய டிரைவரின் பெயரும் உண்டு. அதாவது, அங்கிள் படிக்க மறுக்கும் அதே இரண்டு வரிகள்.

"நான் முதல் நாளே சொன்னேன், ஹார்ட்வேர்னு" என்று அவர் இப்போது லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கழற்றிய பழைய கார்டை எறிய விடவில்லை. "நல்ல கார்டும்மா, சும்மா கிடக்கட்டும்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் லேப்டாப்பில் வைஃபையே காட்டவில்லையாம். "புதுசு எதுக்கு, என்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்று அங்கிள் டப்பாவோடு மேலே போயிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு விண்ணப்பம்: திரை நின்றுபோகும்போது மறக்காமல் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஃபோட்டோக்களையும் இன்றைக்கே வேறெங்காவது காப்பி பண்ணிவிடுங்கள்.