பத்து ஸ்லைடுப் பாவலர்களுக்குப் பாட்டன் சொல்வது

ஏங்கண்ணு, திங்கக்கெழமை உன் முறையாமே? பெங்களூருல பி.யு.சி. படிக்கிற பிள்ளைங்களே வாத்தியாரும் ஆயிட்டாங்கன்னு உங்கம்மா பெருமையாச் சொன்னா. ஆளுக்கு எட்டு நிமிஷம். ஒருத்தனுக்கு ‘சாலிலக்வி’, இன்னொருத்திக்கு ‘மெட்டஃபர்’, உனக்கு ‘டிராமாடிக் ஐரனி’. டீச்சரம்மா கடைசி பெஞ்சுல உக்காந்து மார்க் போடுவாங்களாம். நல்ல ஏற்பாடு. அவங்க தொண்டைக்கும் ஓய்வு வேணுமில்ல?

இது என்னமோ புதுசுன்னு மட்டும் உன் முதல் ஸ்லைடுல போட்டுடாதே. 1789-ல எழும்பூர்ல பட்டாளத்துக்காரங்களோட அநாதைப் பையன்களுக்கான விடுதியில ஆண்ட்ரூ பெல்னு ஒரு பாதிரியார் பொறுப்பேத்தார். நம்ம திண்ணைப் பள்ளியில பிள்ளைங்க மணல்ல விரலால எழுதறது அவர் கண்ணுல பட்டுச்சு. “இப்படிச் சொல்லிக் குடுங்க”ன்னு தன் வாத்தியார்கள்கிட்ட சொன்னார். அவங்க மசியலை. மனுசன் பார்த்தார், எட்டு வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவன் கையில குடுத்துட்டார். வேலை நடந்துருச்சு. 1797-ல அதை லண்டன்ல புத்தகமாவே போட்டார். ‘மெட்ராஸ் முறை’ன்னு சீமை முழுக்கப் பேச்சு. ஆக, சின்னவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நம்ம திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போய், இருநூறு வருஷம் ஊர் சுத்திட்டு, ‘பியர் டீச்சிங்’னு பேரை மாத்திக்கிட்டு ஒயிட்ஃபீல்டுல வந்து இறங்கியிருக்கார்.

பாலக்கோட்டுக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. ஃபேன் காத்துக்காக நூலகத்துல உக்காந்தா, எதையாவது படிச்சுத்தான் தீரணும்.

ஆனா அந்த மெட்ராஸ் முறையில ஒரு கோளாறும் இருந்துச்சு. பெரியவன் சொல்லுவான், சின்னவன் ஒப்பிப்பான். அர்த்தம் ரெண்டு பேருக்குமே எட்டாது. சீமையில அதைத் திட்டினவங்க இதைச் சொல்லித்தான் திட்டினாங்க. நேத்து ராத்திரி நீ ஒத்திகை பார்க்கும்போது நான் சோபாவுல தூங்கறேன்னு நெனச்சே. எல்லாத்தையும் கேட்டேன். “குட் மார்னிங்”, அப்புறம் கிரேக்க தேசம், அப்புறம் வரையறை, நாலு உதாரணம், “தேங்க்யூ”. கல்யாண வீட்டுல மைக்கு வெச்சு மொய் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு கண்ணு. சுவத்துல எழுதியிருக்கறதை நீ படிக்கறதுக்கு, வகுப்புல உக்காந்திருக்கறவங்களுக்கும் கண்ணு இருக்கில்ல?

நான் சொல்றபடி செஞ்சு பாரு. முதுகுல ஒரு காகிதத்தை ஒட்டிக்கிட்டு வகுப்புக்குள்ள போ. ‘என்னைக் கேள்வி கேளு, எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு எழுதியிருக்கட்டும். ஒட்டினதே தெரியாத மூஞ்சியோட போர்டுப் பக்கம் திரும்பி ஏதாவது எழுது. பின்னாடி சிரிப்பு கிளம்பும். திரும்பி, “என்ன சிரிப்பு?”ன்னு கோபமாக் கேளு. இன்னும் சத்தமாச் சிரிப்பாங்க. பார்க்கறவனுக்குத் தெரியும், மேடையில நிக்கறவனுக்குத் தெரியாது. வரையறையை அவங்களே உன்கிட்டச் சொல்லிடுவாங்க. காகிதத்தைப் பிச்சு எடுத்துட்டு, அதுக்குப் பேர்தான் ‘டிராமாடிக் ஐரனி’ன்னு நீ சொன்னாப் போதும். முதல்ல சங்கதி நடக்கணும், பேரு பின்னாடி வரட்டும்.

உதாரணம் வேணும்னா ஷேக்ஸ்பியர்கிட்ட மட்டும் கடன் வாங்காதே. எங்க பக்கத்துக் கூத்துல கீசகன் கதை கட்டுவாங்க. பூவும் வாசனையுமா, திரௌபதி காத்திருக்கான்னு நெனச்சு இருட்டு மண்டபத்துக்குள்ள வருவான் கீசகன். உள்ளே உக்காந்திருக்கறது பீமன். ஊரே அதை அறியும், கீசகன் ஒருத்தனைத் தவிர. விடிகாலை ரெண்டு மணிக்கும் ஒரு பொடிசு தூங்காது. அதே திரௌபதிக்குத்தான் உங்க பெங்களூரு திகளர்பேட்டைத் தர்மராயர் கோயில்ல சைத்ர பௌர்ணமிக்குக் கரகம் எடுக்கறாங்க. அதனால, “நம்ம ஊர்ல யாருக்கு இது தெரியும்”னு யாரும் மூக்கைச் சுளிக்க முடியாது.

உன் கூட்டாளி ஒருத்தனுக்கு ஐயாம்பிக் பென்டாமீட்டர் விழுந்துருச்சாமே, பாவம். கோடு போட்டு விளக்கவேண்டாம்னு சொல்லு. பத்து அடி நடக்கச் சொல்லு: மெதுவா ஒண்ணு, அழுத்தி ஒண்ணு, மெதுவா ஒண்ணு, அழுத்தி ஒண்ணு. அஞ்சு ஜோடி ஆனா ஒரு வரி முடிஞ்சது. நம்ம நேரசை நிரையசையும் இதேதான்னு மட்டும் அவன் அடிச்சு விடக்கூடாது. நம்மது குறில் நெடில் கணக்கு, அது அழுத்தத்தோட கணக்கு. தெரியாமச் சொல்லி, எந்தத் தமிழய்யா காதுலயாச்சும் விழுந்தா அன்னிக்கு வேற நாடகம் நடக்கும்.

ஒப்பிக்கறதைப் பத்திச் சொன்னேனே, கைலாசம்னு கேள்விப்பட்டிருப்பே. தமிழ் பேசற வீட்டுல பொறந்து, கன்னட நாடகத்தையே புரட்டிப் போட்ட மனுசன். 1918-லயே ‘டொள்ளு கட்டி’ன்னு ஒரு நாடகம் போட்டார். அதுல ஒரு மகன் புத்தகத்தை உருப்போட்டுப் பரீட்சையில ஜெயிக்கறவன். இன்னொருத்தனுக்குப் படிப்பு ஏறாது. வீடு தீப்பிடிக்கும்போது அம்மாவைத் தூக்கிட்டு வெளிய வர்றது எவன்னு நான் சொல்லவேண்டியதில்லை. அவர் பேசின பெங்களூரு, உருப்போடறதை இன்னும் விட்ட பாடில்லை. இப்ப அதைக் கலர் ஸ்லைடுல செய்யுது.

மேடை பயம் இருக்குன்னு உங்கம்மா சொன்னா. அதுக்கும் தொல்காப்பியர் கணக்கு வெச்சிருக்கார். மெய்ப்பாடு எட்டு, அதுல அச்சம் ஒண்ணு. அச்சம் நாலு இடத்துல பொறக்கும்: தெய்வம், மிருகம், கள்ளன், நாடாளறவன். உங்க வகுப்புல முதல் மூணும் கிடையாது. கடைசி பெஞ்சுல மார்க் நோட்டோட உக்காந்திருக்காங்களே, பயத்துக்கு அந்த ஒரு காரணந்தான். அந்தப் பக்கம் பார்க்காமப் பேசு, தீர்ந்துச்சு.

அப்புறம் எட்டு நிமிஷம்னா எட்டே நிமிஷம். ஜே.பி. நகர் ரங்க சங்கராவுல நேரம் தாண்டி வந்தவனை எவனா இருந்தாலும் உள்ள விடமாட்டாங்க. நீங்க என்னடான்னா பென் டிரைவ் சொருகறதுக்கே நாலு நிமிஷம் எடுத்துக்கறீங்க.

இன்னொண்ணு. “எனி கொஸ்டின்ஸ்?”னு கேட்டுட்டு எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு நிப்பீங்க, எனக்குத் தெரியும். கூத்துல அதுக்கும் ஆள் உண்டு. ராஜா வேஷம் வந்து நின்னதும், “யாருப்பா நீ, எந்த ஊரு?”ன்னு கட்டியக்காரன் மடக்குவான். கூட்டத்துல இருக்கற மந்தப் புத்திக்காரன் மனசுல ஓடற கேள்வி எதுவோ, அதைத்தான் அவன் வாயால கேப்பான். உங்க வகுப்புலயும் டீச்சரம்மாகிட்ட தினம் திட்டு வாங்கற ஒருத்தன் இருப்பானே, அவனைப் பக்கத்துல நிறுத்திக்கோ. நீ ஒரு வாக்கியம் சொன்னா அவன் குறுக்க விழுந்து, “புரியலை, மறுபடி சொல்லு”ங்கணும். நிஜமாவே புரியாதவனா இருந்தா இன்னும் உத்தமம். ஆனா அவனுக்கும் மார்க் உண்டான்னு டீச்சரம்மாகிட்ட முதல்லயே கேட்டு வெச்சுக்கோ. இல்லைன்னா அன்னிக்கு அவன் லீவு போட்டுருவான்.