மண்டபத்துக்குள் மண்டபம்

தெம்பனிஸ் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாண விருந்து. தரை, தூண், கூரை எல்லாம் கான்கிரீட். கைதட்டினாலே ஓசை திரும்பி வந்து நலம் விசாரிக்கும். அங்கேதான் நம்ம டிஜே தம்பி மடிக்கணினியில் ரிவெர்ப் பிளக்‌இன்னை முழுசாகத் திருகுகிறார். பெட்டி பெட்டியாகக் கருவி சுமக்காமல் கணினிக்குள்ளேயே இதையெல்லாம் செய்யட்டும் என்று ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்னும் பிளக்‌இன் முறையைக் கொண்டுவந்தது. முழங்கும் இடத்துக்கே முழக்கம் சேர்ப்பார்கள் என்று அது நினைத்திருக்காது. அதற்கு மேல் எக்கோ, அதற்கும் மேல் ஃபிளாஞ்சர். இளையராஜா பாட்டில் அவர் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியெல்லாம் நிரம்பி வழிகிறது. மாப்பிள்ளை பெயரை அறிவித்தால் நாலு மாப்பிள்ளை வருகிறார்கள். பெண் வீட்டார் பாவம். தம்பி, ‘வெட்–டிரை’ என்று ஒரு குமிழ் இருக்குமே, அதைக் கொஞ்சம் டிரை பக்கம் திருப்புங்களேன்.